தண்ணிக்குக் கழிக்காமல்

மழை விட்ட மறுநாள்
காதுக்குள் ஏழு.
விரலிடுக்கில் நாலு.
வாலடியில், எண்ணுவதை நான் நிறுத்திய இடத்தில்,
ஊறிய பயறு போல உப்பிய ஒன்று.

தராசு அசையாமல் படுத்துக் கிடக்கிறது.
ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது தொங்கியும்
பிறந்த நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பது?
காலையில் மலைக்கு என் பின்னால் வரும்.
பற்றைக்குள் புகுந்து
மான்புல்லின் பூச்சியையெல்லாம்
முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பும்.

பக்கத்துக் காம்பரா இன்னாசி
வாசலில் நின்று சொன்னார்:
"ஸ்டோர்ல இருந்து ஒரு மூடி கொண்டாறேன்.
வாளித் தண்ணியில கலந்து ஊத்து.
புல்லே கருகுது, உண்ணி எம்மாத்திரம்?"

நல்ல மனசுதான்.
போன வருசம் நாலாம் லயத்துச் செவலைக்கும்
நல்ல மனசோடுதான் யாரோ ஊற்றினார்கள்.
அது தன் முதுகை நக்கியது.
விடியும்வரை நுரை.
படுத்தபடியே கால்கள் ஓடின,
எங்கும் போகாமல்.

மண்ணெண்ணெய் வேண்டாம் என்றேன்.
நெருப்புக்குச்சியும் வேண்டாம்.
மகள் நிரோஜினியின் புருவச் சாவணம் இருக்கிறது
(அவளுக்குத் தெரிந்தால் சண்டை).
தோலை ஒட்டி, வாய்ப்பக்கமாகப் பிடித்து,
திருகாமல், நசுக்காமல், நேரே.
நாளுக்கு இருபது கிலோ கிள்ளுகிற விரல் இது.
வேகம் மட்டும்தான் பழகியிருக்கிறது.
பொறு, பொறு என்று
விரலுக்கும் சொல்கிறேன், நாய்க்கும் சொல்கிறேன்.
ஜாம் போத்தலில் சவர்க்காரத் தண்ணீர்.
விழுந்ததும் எட்டுக் காலையும் விரிக்கிறது.

என் கணுக்காலில் அட்டை விட்ட புள்ளிகள்
இன்னும் கசிகின்றன.
தராசு தலையைத் திருப்பி நக்க வருகிறது.
உன் வேலையைப் பார், என்கிறேன்.

பொகவந்தலாவை மிருக வைத்தியர் அம்மாவின் தமிழ்
போனில் ஒவ்வொரு சொல்லாய்ப் படியேறி வந்தது.
"மாத்திரை இருக்கு. பாரம் எவ்வளவு?
பத்துக்குக் கீழ ஒண்ணு. பத்துக்கு மேல வேற.
குறைச்சுக் குடுத்தா வேலை செய்யாது."

பாரம் பார்க்க எங்களிடம் இருப்பது
ஒரே ஒரு கொக்கி.

பகல் கொழுந்து நிறுக்கும்போது
வெறுஞ் சாக்கில் அதை இறக்கி,
தலையை மட்டும் வெளியே விட்டுத் தூக்கி மாட்டினேன்.
தராசில் தராசு தொங்குதடி என்று
புஸ்பகாந்தி சிரித்ததில்
அவள் படங்கு அவிழ்ந்துவிட்டது.
நாய் மட்டும் மரியாதையாக இருந்தது.

திரவியம் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார்.
"பதினொண்ணு."
பேனா மூடியை வாயில் கடித்தபடி,
இருபது வருசப் பழக்கத்தில்,
"தண்ணிக்கு ரெண்டு. ஒம்பது."

சிரிப்பு நின்றது.
மழை விட்டு நாலு நாள்.
நாயின் முதுகு
வெயிலில் காய்ந்து பஞ்சாகக் கிடந்தது.

"ஐயா, ஒம்பதுன்னா சின்ன மாத்திரை.
உண்ணி சாகாது."

வரிசையில் யாரோ இருமினார்கள்.
"வேணும்னா சாக்குக்குக் கால் கிலோ கழிங்க"
என்றாள் புஸ்பகாந்தி.

அவர் துண்டுச் சீட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
ஒன்பதை வெட்டி, பக்கத்தில்
பதினொன்று என்று எழுதினார்.
வெட்டி, கூட்டி எழுதிய இலக்கத்தை
இந்த மலையில் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து என் கொழுந்துச் சாக்கு கொக்கியில் ஏறியது.
எல்லோரும் பேனாவைப் பார்த்தோம்.
அது கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதியது, வழக்கம்போல.

பெரிய மாத்திரையை
ரொட்டித் துண்டுக்குள் கருவாட்டோடு மறைத்தேன்.
கருவாட்டைத் தின்று மாத்திரையைத் துப்பியது.
மூன்றாம் தடவைதான் விழுங்கியது.
அது படுக்கும் சாக்கை அவித்தேன்.
சுவர் வெடிப்புகளுக்குக் கொதிதண்ணி.
அடுத்த மாசத் தேதிக்கு
கலண்டரில் ஒரு வட்டம்.

துண்டுச் சீட்டை எறியவில்லை.
சம்பளச் சீட்டுகள் இருக்கும் டப்பாவில்
மேலாக வைத்திருக்கிறேன்.