பக்க ஓரம்

கிருஷ்ணகிரி நூலகத்தில்
பதினேழு பேர் எடுத்துப்போன நாவல்.
வக்கீல் நாயகி
ஒரே குறுக்கு விசாரணையில்
கொலைகாரனை அழவைக்கிறாள்.

ஓரத்தில் பச்சை மை:
"நீதிபதி லீவே போடமாட்டாரா?"
பென்சில்:
"சித்திரையில் கறுப்பு கோட்டு, வேர்க்காதா இவளுக்கு?"
காதல் அத்தியாயத்துக்கு மட்டும்
நூற்றுக்கு முப்பத்தைந்து போட்டிருக்கிறார் யாரோ.
ஓசூர் பஸ்ஸில்
சூளகிரி தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
நீல மை, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு:
"இவள் ஃபோன் எடுக்கிறாள்."

அந்த 'ள்' எனக்குத் தெரியும்,
பாதிச் சுழியில் நின்றுவிடும்.
என் வகாலத்தில்
கெம்பம்மாள் என்று முடிந்ததும் அப்படித்தான்.
ஜீவனாம்சம். வியாழனோடு ஏழாவது வாய்தா.

சைலண்ட்டில் கிடந்ததைப்
பையிலிருந்து எடுத்தேன்.
அவள் பெயருக்குப் பக்கத்தில்,
ஓரமாக,
சிவப்பில்:
பதினொன்று.