தொடங்கிய நாள்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
நோய் தொடங்கிய நாள்.
அதற்கு முன்னால் உள்ள பெயர், வயது, தெரு எல்லாம்
நின்றபடியே எழுதிவிடலாம்.
ஏழாவதுக்கு உட்கார வேண்டும்.

புளியமூலையில் யாரும் தேதி சொல்வதில்லை.
"தண்ணி கடைமடைக்கு வந்துச்சே, அதுக்கு மறுநா"
என்கிறார் கலியபெருமாள்.
"வாய்க்கா வெட்டிக்கிட்டு இருக்கையிலயே தண்ணி வந்து
வேலைய நிறுத்துனாங்க. விடிஞ்சா வயித்தால போவுது"
என்கிறாள் தையல்நாயகி.
சந்தனமேரிக்கு அது
தவணைக்காரன் வாசலில் வந்து நின்ற காலை.
கொல்லைக்கு ஓடியவள்
அவன் போகட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே இருந்தாளாம்.
சிரிக்கிறாள். உதடு வெடித்திருக்கிறது.

லஸ்கரிடம் கேட்டேன்,
அடப்பாற்றுச் சட்ரஸை என்றைக்குத் தூக்கினீர்கள் என்று.
தவணைக்காரனிடம் கேட்டேன்,
அவன் நோட்டில் நாள் தப்பாது, வட்டி அப்படி.
நூறு நாள் வேலையின் பொறுப்பாளர் மட்டும்
மஸ்டர் ரோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
"எதுக்குக் கேக்குறீங்க?" என்றார்.
அங்கே வேலை இன்னும் நடந்துகொண்டிருந்ததாம், தாளில்.
மற்றதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்
ஒரே செவ்வாய்க்கிழமை.

ஹபீபுல்லா மருந்துக்கடையில்
புதன் அன்று உப்புச்சர்க்கரைப் பொட்டலம் பதினேழு.
வியாழன் நாற்பது.
வெள்ளி, இருப்பு இல்லை.
"சொல்லணும்னுதான் நெனச்சேன் மேடம்.
யார்ட்ட சொல்றதுன்னு தெரியல."

அதற்கடுத்த திங்கள்
இந்த ஊரின் பெயரில் மேலே போன வார அறிக்கை:
சுழி.
அனுப்பியது நான்.
மூன்று துணை நிலையத்துக்கு ஒரே ஆள்,
மன்னார்குடி பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி
கட்டைவிரலால் போட்ட சுழி.

ஆற்றில் சுழி என்றால் காலை வைக்க மாட்டோம்.
மாட்டுக்குச் சுழி பார்த்துத்தான் விலை பேசுவோம்.
படிவத்தில் மட்டும்
அது ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

பென்சிலால் தெருக்களை வரைந்தேன்.
வீட்டுக்கு ஒரு புள்ளி.
மேலத்தெருவில் ஒன்று, அதுவும் விருந்தாளி.
மதகு தாண்டிக் கீழத்தெருவில் இருபத்திரண்டு.
கோலத்துக்கு வைத்த மாதிரி நெருக்கமாக.
மேலத்தெருவுக்குத் தொட்டியிலிருந்து நேராகப் போகிற குழாய்
இவர்களுக்கு மட்டும் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறுகிறது.
அங்கே ஒரு வால்வுக் குழி,
வாயில் சைக்கிள் ட்யூப் சுற்றி.
கோடையெல்லாம் காய்ந்து கிடந்த குழி
வந்த தண்ணீரில் முழுகியிருக்கிறது.
மோட்டார் நின்ற மறுகணம்
குழாய் மூச்சை உள்ளே இழுக்கும்.
பூப்போட்டு வரவேற்ற தண்ணீரைத்தான்,
ஆறு மாதம் வாய்க்காலில் சேர்ந்த எல்லாவற்றோடும்.

தெருக்கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில்
சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன்.
மஞ்சளாகவில்லை.
குளோரின் போட்டதாகக் கையெழுத்து இருந்தது,
நீல மையில், நாள் தவறாமல்.

பதினொன்றாவது கட்டம்: முடிவு.
குணம், குணம், குணம் என்று எழுதி வந்த கை
கலியபெருமாளின் மனைவி பெயரில் நின்றது.
தேதி கேட்கத் தயங்கினேன்.
அவர் தயங்கவில்லை.
"ஜூலை இருபத்தெட்டு, வெள்ளிக்கெழம.
மணி நாலு பத்து.
ஆஸ்பத்திரிக் கடியாரம் ரெண்டு நிமிசம் ஸ்லோ."

இப்போது குழாய் மேலே ஏறிவிட்டது,
கீழத்தெருப் பையன்களே மதகோரமாக
இரும்புச் சட்டம் அடித்துத் தூக்கிக் கட்டினார்கள்.
ஊராட்சி, பில் கேட்டிருக்கிறது.

இந்த வாரமும் புளியமூலைக்குச் சுழிதான்.
முப்பத்தொன்பது வாசலில் நின்று,
"வயிறு எப்படி இருக்கு" என்று கேட்டு,
இரண்டு வீட்டில் மோர் குடித்து,
ஒரு நாயிடம் தப்பி எழுதிய சுழி.
அனுப்பிவிட்டுப் பழையதைத் திறந்து பார்த்தேன்.
திரையில் இரண்டும்
ஒரே அளவு வட்டம்.