சிவப்பு வட்டங்கள்

யாளி பறப்பதில் அவருக்கு மறுப்பில்லை.
மூன்றாம் அத்தியாயத்தில் அது துறைமுகத்தின் மேல் தாழ்ந்து
பாய்மரங்களைக் கொளுத்துகிறது.
ஓரத்தில் ‘அருமை’ என்று எழுதியிருக்கிறார்
பதிப்பாசிரியர் கோதண்டம்.

குதிரைகளை இறக்க வந்த
சுருட்டைமுடிக் கருப்பு மாலுமி,
சுங்கச்சாவடியில் கணக்கெழுதும் சீனத்துக் கிழவி,
பூனைக்கண் தச்சன்:
இவர்களைச் சுற்றித்தான் சிவப்பு வட்டம்.
‘அந்தக் காலத்தில் இத்தனை நிறமா?
நம்பும்படி இல்லை.’

ஐயா, நான் இருப்பது பெரியபட்டினத்தில்.
போன வாரம் கழிப்பறைத் தொட்டிக்குக் குழி வெட்டினோம்.
மூன்றடியில் வந்தது
நீலப்பூப் போட்ட பீங்கான் சில்லு.
கொத்தனார் அதை ஓரமாய் எறிந்துவிட்டு
பீடி பற்றவைத்தார்.
எதிர்வீட்டு மைமூனின் மூக்கு
எந்தக் கப்பலில் வந்திறங்கிய மூக்கோ,
அவளுக்கே தெரியாது.
சளி பிடித்தால் மட்டும் நினைத்துக்கொள்வாள்.

இப்படி இரண்டு பக்கம் பதில் எழுதி
அனுப்பப்போகும் நேரம்
தண்ணி வண்டி வந்தது.
நம்புராஜன். குடம் பன்னிரண்டு ரூபாய்.
இறக்கி வைத்தவர்
மேசையில் விரித்திருந்த என் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.
அரண்மனை, அங்காடி, முத்துச் சலாபம், யாளிக் குகை,
எல்லாவற்றின் மேலும் ஈரவிரல் ஊர்ந்தது.

“ஊரு பெருசாத்தான் இருக்கு.
இத்தன பேரும் குடிக்க
நல்ல தண்ணி எங்கிட்டு எடுக்குறாக?”

நானூறு பக்கம்.
ஒரு ஊற்று இல்லை.
கோதண்டமும் அங்கே வட்டம் போடவில்லை.

இரவு நானே போட்டேன்,
பனைகளுக்குக் கிழக்கே, மணலில்,
காசளவு ஒரு வட்டம்.
போட்டதும் பிடித்தது வினை.
கயிறு யாருடையது?
முதல் வாளி யாருக்கு?
அதுவரை தோளில் கைபோட்டுச் சிரித்த
என் பல நிறத் துறைமுகம்
வாளியைக் கண்டதும் வரிசையானது.
வரிசை இரண்டானது.
கருப்பு மாலுமி விலகி நிற்பான் என்று நினைத்தேன்;
அவனிடம் பொன் இருந்தது, முன்னால் போனான்.

பதில் கடிதம் மேசையிலேயே கிடக்கிறது,
வரைபடத்தில் ஒரு விரல் ஈரம் காயவில்லை.

சற்றுத் தள்ளி ஒருவன்,
முத்துக் குளித்துக் காதில் ரத்தம் கசிய,
உள்ளூர்க்காரன், உள்ளூர் நிறம்,
இதுவரை நான் பெயரே வைக்காதவன்,
குனிந்து கை குவித்திருக்கிறான்,
உயரத்திலிருந்து
யாராவது ஊற்றுவார்களென்று.