மூன்றாங்கட்டுக் கசிவு

பள்ளத்தூரில் இந்த வீட்டுக்குப் பதினோரு பங்கு.
மூன்றாங்கட்டுத் தொட்டியில் கசிகிற தண்ணீர் மட்டும்
யார் பங்கிலும் வராது.
தேவகோட்டைக் கோர்ட்டில் போட்ட வரைபடத்தில்
சரியாக அந்த மூலையில்
வக்கீல் கைபட்டு மை கொட்டிக் கிடக்கிறது.

எனக்குச் சம்பளம்
கூட்டவும், கதவு திறக்கவும், வௌவால் விரட்டவும்.
செடி வைக்க இல்லை.

ஆனாலும் வைத்தேன்.
வெயில் அங்கே பதினொன்றரைக்கு வரும்,
தூணின் பாதத்தைத் தொடும்,
பன்னிரண்டேகாலுக்குப் போய்விடும்.
ரோஜா செத்தது.
துளசி வெளுத்து, நீண்டு, சாய்ந்து செத்தது.

காரைக்குடி நர்சரியில் நூற்றெண்பது ரூபாய்.
“குடைப்புல்லு அக்கா” என்றான் பையன்.
தண்டை விரலிடையில் உருட்டினேன்.
உருளவில்லை.
மூன்று விளிம்பும் தட்டுப்பட்டது.
புல்லாவது.
கோரை.

எங்கள் வயலில் இதன் பங்காளியைத் தோண்டித்தான்
எனக்கு இடுப்பு போனது.
கிழங்கு ஒன்று தப்பினால் அடுத்த மழைக்கு நூறு.
அந்தக் குடும்பத்துப் பிள்ளையைக்
காசு கொடுத்து வாங்கி
பஸ்ஸில் மடியில் வைத்து வந்தவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கசிவுக்குக் கீழே வைத்தேன்.
முக்கால் மணி வெயில் அதற்குப் போதுமாம்.
கால் எப்போதும் ஈரத்தில் நிற்கணும், அவ்வளவுதான்.
போர்த் தண்ணீர் ஊற்றினால் பிடிக்காது,
அந்த உப்பில் நுனி கருகும்.
ஐப்பசியில் ஓட்டுச் சரிவு கொட்டியதை
அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்தேன்.
பழுத்த தண்டை அடியோடு அறுக்கணும்,
பாதியில் அறுத்தால் அழுகும்.
அறுக்கும்போது அது நம்மையும் அறுக்கும்.

ஒரு குடையைக் கிள்ளித்
தலைகீழாய்த் தண்ணீரில் கவிழ்த்து வை.
பதினைந்தே நாளில் தலையில் வேர் விடும்.
எது தலை, எது கால் என்று
அதற்கு வழக்கு இல்லை.

தூர் பெருத்தால் பிரிக்கலாம்.
அரிவாளை நடுவில் இறக்கு.
ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வேர், கொஞ்சம் குருத்து.
வேரை முழுக்க ஒருவனே வைத்துக்கொண்டால்
மற்றவன் கையில் வைக்கோல்.
இதைச் சொன்னால்
யார் காதில் விழப்போகிறது?

மாசியில் ஐந்தாம் பங்கு சாத்தப்பன் வந்தார்,
கோயம்புத்தூரிலிருந்து, மகள் கல்யாணத்துக்கு.
பிளம்பரைக் கூட்டிவந்து
நாற்பது வருஷக் கசிவை
நாற்பது நிமிஷத்தில் அடைத்தார்.
“ஈரம் சுவரைத் தின்னுது” என்றார்.
நியாயம்தான்.
சுவர் அவருடையது கூட இல்லை.

எட்டாம் நாள் நுனி பழுப்பு.
அண்டாவில் அடிமண்தான் மிச்சம்.

தன் அறைக்கு ஏசியும் மாட்டினார்.
அதன் குழாய் முற்றத்துக் கல்லில் சொட்டியது.
“மாரிக்கண்ணு, அதைத் தினம் துடைச்சிடு.”
சரி என்றேன்.
துடைக்கவில்லை.
ஓர் அடி ஓஸ் வெட்டிக்
குழாயில் சொருகி
வாயைக் கோரைப் பக்கம் திருப்பினேன்.

அந்தத் தண்ணீரில் உப்பே இல்லை.
காற்றிலிருந்து பிழிந்தது.
சாத்தப்பன் தூங்கத் தூங்கக்
கோரை குடித்தது.
ஏழு புதுக் குடை விரிந்தது,
தாலி கட்டிய அன்று எட்டாவது.

கல்யாணம் முடிந்தது.
கார் போனது. பந்தல் போனது.
வாழைமரம் வாசலில் காய்ந்தது.

இப்போது சித்திரை.
அறை பூட்டியிருக்கிறது.
சாவி என் இடுப்பில்.
மீட்டர் ஐந்தாம் பங்கின் பெயரில்.

பதினோரு மணிக்குத் திறந்தேன்.
யாருமில்லாத கட்டில், உறை போட்ட மெத்தை.
ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு வெளியே வந்து
ஓஸின் வாயடியில் உள்ளங்கையை நீட்டி
உட்கார்ந்திருந்தேன்,

முதல் சொட்டு விழ
இருபது நிமிஷம் ஆனது.