பேசக்கூடிய வேகம்

மெல்ல ஓடும் நாளில்
ஒரு முழு வசனம் பேச முடியவேண்டும்.
நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது.
இதுதான் சட்டம்.
நாங்கள் மணிக்கூடு கட்டுவதில்லை,
மெரில்டாவின் வாய் இருக்கிறது.

காலை நாலு ஐம்பது, உவர்மலைச் சந்தி.
பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருவாள்,
பூட்டுமுன்னே தொடங்கிவிடுவாள்
மச்சாளின் சீட்டுக்காசை,
எட்டாம் வார்ட்டில் காணாமற்போன தேர்மோமீற்றரை.
நான் 'ம்' சொல்லி எண்ணுவேன்:
மூன்று அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே.
ஒற்றைக் கணக்கென்றால்
விடும் மூச்சு ஒரே காலில் விழாது,
ஒருதரம் இடம், ஒருதரம் வலம்.
"இரட்டைப் பிள்ளை தூக்கினவளுக்கு
இதையும் சொல்லித் தரவேணுமோ?" என்றாள்.

இரவில் சீமெந்துத் தரையில் மல்லாந்து
வயிற்றின்மேல் ஒரு கிலோ கோதுமை மாப் பைக்கற்.
மா எழும்பவேண்டும், மார்பு அசையக்கூடாது.
மூன்று கிழமையாய் மார்பு மட்டும் அசைந்தது.
மகன் வந்து நின்று கேட்டான்:
"அம்மா, ரொட்டி சுடுறதோ இல்லையோ?"

ஆனியில் கச்சான் திறந்தது.
விடியுமுன்னே சூடு,
பல்லிடுக்கில் மணல்.
புதன்கிழமைகளில் கோட்டை ஏற்றம், ஆறு தரம்.
அன்று கதை கிடையாது.
மூன்றுக்கு இரண்டு
இரண்டுக்கு ஒன்றாகும்,
நாலாவது ஏற்றத்தில் எண்களே இல்லை,
வாய் திறந்தபடி கிடக்கும்.
மான்கள் அசைபோடுவதை விட்டுவிட்டு
என்னைப் பார்க்கும், பிறகு
என்னைத் துரத்துவது எதுவென்று
எனக்குப் பின்னால் பார்க்கும்.

ஒருநாள் உப்புவெளி தாண்டி விலா பிடித்துக்கொண்டது.
கத்தி வைத்த மாதிரி, வலப்பக்கம்.
நான் இழுத்தேன், இன்னும் இழுத்தேன்.
"உள்ளுக்க இருக்கிறது இறங்கினால்தானே
மற்றது ஏறும். நீ பஸ்ஸில் போனதில்லையோ?"
உதட்டைக் குவித்து ஊதினேன்,
பிளேன்ரீ ஆற்றுகிறவள்போல, நீளமாய்,
காலியாகும்வரை.
வந்த மூச்சை நான் இழுக்கவில்லை.
அது தானாக வந்தது.

ஞாயிறு, பதினாலு கிலோமீற்றர்.
சாம்பல்தீவுப் பாலம்வரை ஏழு, வர ஏழு.
பாலத்தின் நடுவில் சொன்னாள்:
"எனக்கு விசா வந்திட்டுது இருபதாம் திகதி போறன்
பிள்ளையள் அம்மாவோட நிற்பினம்
அங்க வயசுபோன ஆக்களைப் பார்க்கிற வேலை."
ஒரே மூச்சு. எங்கும் வாங்கவில்லை.
வேகம் சரி.

இப்போது என் முறை.
மூன்று உள்ளே. இரண்டு வெளியே.
வசனம் தயாராக இருந்தது,
நல்லது, சந்தோசம், எப்ப சொன்னவங்கள்.
வாய் வரவில்லை.
சட்டப்படி வேகத்தைக் குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன்.
நடந்தேன்.
பாலத்துச் சுவரைப் பிடித்து நின்றேன்.
கீழே ஒருவர் இடுப்பளவு நீரில் வலை வீசி
இழுத்து, வெறும் பாசியை உதறினார்.
நிற்கும்போதும் பேச முடியாத வேகம் ஒன்று
இருப்பதாய் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மெரில்டா திரும்பி வந்தாள்.
வியர்த்த கையை என் வயிற்றில் வைத்தாள்,
மாப் பைக்கற் வைக்கும் இடத்தில்.
"எழுப்பு," என்றாள்.
எழுப்பினேன் போல.
திரும்பி வந்த ஏழும்
நாங்கள் ஓடியதிலேயே மோசமான ஏழு.

இப்போது தனியே.
யாரோடாவது பேசித்தானே வேகம் பார்க்கலாம்,
ஆகவே போனைப் பிடித்து உரக்கப் பேசிக்கொண்டு ஓடுகிறேன்:
ஆய்கூடத்தில் மெஷின் பழுது,
உன் சின்னவனுக்குப் பல் விழுந்திட்டுது,
மான் ஒன்று பஸ் நிலையத்தில் வடைப் பேப்பரைத் தின்றது.
காவலரணில் இருக்கும் பொடியன்
எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.
கேட்டுவிட்டு எழுதுகிறாள்,
பல்லைப் பற்றி ஒன்றுமில்லை,
மானைப் பற்றி ஒன்றுமில்லை:
'மெஷின்' எண்ட இடத்தில மூச்சு வாங்கினனி.
குறை.