ஒரே சொல்லில்

படிவத்தில் அந்தக் கட்டம் சின்னது.
காரணம், ஒரே சொல்லில், என்று கேட்கிறது.
ருவைஸ். ஷட்டவுன் பதினேழாம் நாள்.
டைம் ஆபீஸ் கேபினில்
ஏசி என் கழுத்தில் மட்டும் அடிக்கிறது.

பெயர்: வெயிலுமுத்து.
பாஸ்போர்ட்டில் அதிலும் ஓர் எழுத்துப் பிழை.
வேலை: சாரம் கட்டுதல்.
பதினொன்று ஐம்பதுக்கு, நாலாவது தட்டில்,
தோளில் இருந்த குழாயை இறக்கிவைத்துவிட்டு
(இறக்கிவைத்துவிட்டுத்தான்,
கீழே ஆட்கள் நின்றார்கள்)
உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார்.
மதிய வெயிலுக்கான தடை
பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும்.

ஹார்டு என்று அடித்தேன். அழித்தேன்.
அது எங்கள் தலையில் தொப்பியாகிவிட்ட சொல்.
டிஃபிகல்ட்டில் பரீட்சைத் தாள் வாசம்.
டஃப், மெஸ்ஸில் வெள்ளிக்கிழமை மட்டன்.
ஸ்ட்ரென்யுவஸை நான் பார்த்தது
ஆபீசர்ஸ் கிளப் ஜிம்மின் சுவரில்,
காசு கொடுத்து வியர்ப்பவர்களுக்கு எச்சரிக்கையாக.
ஆர்டுவஸ் என்றால் செங்குத்தான ஏற்றமாம்.
இங்கே மலை ஏது?
நாங்களே குழாயால் கட்டி, ஏறி,
வேலை தீர்ந்ததும் பிரித்து
லாரியில் அடுக்குகிற மலைதான்.
க்ரூயலிங் பிடித்திருந்தது.
அகராதியில் அதற்குப் பக்கத்து வீடு கஞ்சி.
கஞ்சிக்குத்தானே இவ்வளவும் என்று தோன்றி
அதையும் விட்டேன்.

லிஸ்ஸம்மா சிஸ்டர் குளுக்கோஸ் ஏற்றியபடியே
எக்ஸாஸ்ஷன் என்றார்.
முன்னால் ஹீட் என்று சேர்க்கவும் சொன்னார்.
சேஃப்டி மேனேஜர் கேலம்
என் தோளுக்கு மேல் குனிந்தார்.
அந்தச் சொல் வந்தால் விசாரணை வரும்,
விசாரணை வந்தால் வாசல் பலகையில்
விபத்தில்லா நாள் இருநூற்றுப் பதினொன்று
மறுபடி சுழியாகும்.
சேலஞ்சிங் போடேன் என்றார்.
நல்ல மனிதர்தான்,
போன மாதம் எனக்கு ஷூ வாங்கித் தந்தவர்.
ஆனால் வெயிலுமுத்து
யாருக்கும் சவால் விட்டவர் இல்லை.
கேரம் போர்டில்கூட
தோற்றவனுக்குச் சுலைமானி வாங்கிக் கொடுப்பார்.

"அவர் வாயால் என்ன சொன்னார்?"
முடியல, என்று சொன்னார்.
"அப்படியென்றால்?"
அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
இயலவில்லை என்பதும் அதுதான்,
இன்னும் தீரவில்லை என்பதும் அதுதான்.
இரண்டையும் சொன்னேன்.
கேலம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்:
"பாவம், வேலை மிச்சமிருக்கிறதே என்று
வருத்தப்பட்டிருக்கிறார்."

செப்டம்பரில் என் விசா புதுப்பிக்க வேண்டும்.
டயர்டு என்று போட்டேன்.
கட்டத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

கீழே குறிப்புக்கு இடமிருந்தது.
முடியல என்பதை
ஆங்கில எழுத்தில் அடித்தேன், எட்டு எழுத்து.
கம்ப்யூட்டர் அதன் அடியில்
சிவப்பாக நெளிகோடு போட்டது.
கோட்டோடு அனுப்பினேன்.
துணிச்சல் என்று அதைச் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் விடிவதற்குமுன்
வருகைக்கு விரல் வைக்க வந்தார்.
"என்னன்னு எழுதுனீங்க சார்?"
அலுப்புன்னு, என்றேன்.

இயந்திரம் அவர் விரலை ஏற்கவில்லை.
குழாய் தேய்த்த ரேகை.
சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.
அதற்கும் சிவப்பு.
"அலுப்பு சாயங்காலம்ல வரும்,"
என்னைப் பார்க்காமல் சொன்னார்,
"இது காலைல எந்திரிக்கும்போதே இருந்துச்சு."

மூன்றாம் தடவை பச்சை எரிந்தது.
வெயிலுமுத்து, உள்ளே, நாலு நாற்பது.
வருகைப் பட்டியலில்
காரணம் கேட்கும் கட்டம் இல்லை.