ராஜகிரிய பஸ்

ஏழுமலை செஞ்சிக்காரர்.
புதுக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பூட்ட வந்தவர்.
ஞாயிறு காலை கைபேசியில் கத்தினார்:
கோட்டை ஸ்டேஷனில் நிற்கிறேன்,
ஸ்டேஷன் இருக்கு, கோட்டையைக் காணோம்.

வெள்ளைக்காரன் இடித்துப்போட்டான் என்றேன்.
பேரை?
பேரை இடிக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லைப் போல.

நான் போய்ச் சேர்ந்தபோது
அன்னாசித் துண்டின் மிளகாய்த்தூள் ஒட்டிய உதட்டோடு
பஸ் பலகைகளை வாசித்துக்கொண்டிருந்தார்.
ஒன்றைத் தட்டினார், மாட்டின் முதுகைத் தட்டுவதுபோல.
"ராஜகிரி! எங்க ஊர் உச்சிக்கோட்டை.
பள்ளிக்கூடம் கட் அடிச்சு ஏறின படி.
மேலே நின்னு ஒண்ணுக்கடிச்சா
காத்து அதை ஆற்காடு வரை கொண்டுபோகும்."
ராஜகிரிய என்று திருத்தினேன்.
ஒரு 'ய'வுக்காக மலை குறைஞ்சிடுமா என்று
ஏறி உட்கார்ந்துவிட்டார்.

குறைந்திருந்தது.
பொரளை போய், ஆயுர்வேதச் சந்தி போய்,
மேம்பாலம் ஒன்றுதான் எங்களைத் தூக்கி இறக்கியது.

அந்தப் பழைய மதிலா என்று ஓட்டோக்காரர்
ஒழுங்கைக்குள் விட்டார்.
ராஜாக்கள் இருந்த கோட்டே.
ஒரு வீட்டின் பின்வளவில்
கபுக் கல்லாய்க் கிடந்தது மிச்சம்.
மேலே பாசி. அதன் மேலே
ஒரு பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து, வெயிலில்.

ஏழுமலை ஏறினார்.
எட்டே எட்டு. அவ்வளவுதான் உயரம்.
உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்:
தண்ணீர்த் தாங்கி, பலாமரம், உள்ளாடைக் கொடி,
அதற்கப்பால் இன்னொரு வீட்டின் பின்புறம்.
இறங்கி, சாவிக்கொத்தில் கிடந்த தூக்குக்குண்டை
மதிலோரம் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடினார்.
"ரெண்டு விரல் சாய்ஞ்சிருக்கு, அந்தம்மாகிட்ட சொல்லுங்க."
சிங்களத்தில் சொன்னேன்.
நாங்கள் வரும்போதே அது சாய்ந்துதான் நின்றது, என்றாள்
சப்பாத்தைத் திருப்பி வைத்தபடி.

திரும்பி வந்து இறங்கிய இடத்தில்
மணல்மூட்டைகள் இருந்ததை,
உருளைத் தடுப்புகள் இருந்ததை,
என் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டி
பிறந்த ஊரின் மேல் ஒரு விரல் நின்றதை
சொல்ல நினைத்திருக்கவில்லை.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் பஸ்கள் மட்டும் பேசின.
"அப்ப கோட்டை இருந்திருக்கு" என்றார்.

பிறகு அன்னாசிக்காரரைத் தேடிப் போனார்,
காலையில் வாங்காமல் விட்ட
இருபது ரூபாய்ச் சில்லறைக்கு.